வாயுன்னு சொன்னது நான்தான்



இந்த இதழில் நான் இதுவரை எழுதியதெல்லாம் பயிர்க் கடன், பயிர்க் காப்பீடு, மஞ்சள் விற்பனை பற்றித்தான். முப்பத்தொரு வருசம் வங்கியில் குப்பை கொட்டியவனுக்கு அதுதான் தெரியும். இந்தத் தடவை நெஞ்சு வலியைப் பற்றி எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் இதை எழுத எனக்கு ஒரு கடமை இருக்கிறது. படித்து முடித்தால் ஏன் என்று தெரியும்.

மூன்று வருசத்துக்கு முந்திய மாசி மாதம். ராத்திரி ஒன்பது மணி இருக்கும். எங்கள் குழுவில் மூத்தவர், எல்லோரும் 'மஞ்சக்காட்டு அண்ணன்' என்று கூப்பிடுவோம், அவர் போன் செய்தார். ரசாயன உரம் ஒரு கை கூட தொடாமல் பதினாறு வருசம் மஞ்சள் போட்டவர். வயது 61. ஒல்லியான உடம்பு. பீடி, சாராயம் எதுவும் கிடையாது.

"தம்பி, சாயங்காலத்திலிருந்து நெஞ்சு ஒரு மாதிரி அடைச்சாப்புல இருக்குது. மஞ்சள் வேகவைக்கிற அடுப்புக்கிட்ட நாள் பூரா நின்னதுல சூடு பிடிச்சிருச்சோ என்னவோ. முதுகு வரைக்கும் இழுக்குது" என்றார்.

நான் என்ன சொன்னேன்? "வாயுவா இருக்குமுங்க அண்ணா. ஓமமும் சீரகமும் போட்டுக் கொதிக்க வச்சுக் குடிங்க. காத்தாலைக்குச் சரியாப் போயிரும்."

அவரும் சரி என்றார். அப்புறம் மஞ்சள் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டோம். மொத்தம் ஆறு நிமிடம் பேசினோம் என்று என் போன் காட்டுகிறது. அதில் வலியைப் பற்றி ஒரு நிமிடம். மீதி ஐந்து நிமிடமும் ஈரோட்டு மார்க்கெட்.

விடியற்காலை நாலரை மணிக்கு அவர் மகன் போன் செய்தான். போய்ப் பார்த்தபோது திண்ணையில் கிடத்தியிருந்தார்கள். அடுப்படியில் ஓமத்தண்ணி வைத்த சொம்பு பாதி நிரம்பி அப்படியே இருந்தது. நான் சொன்னதைத்தான் செய்திருக்கிறார்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாரா? நிச்சயமாகச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் பிழைப்பதற்கு ஏழு மணி நேரம் இருந்தது. அந்த ஏழு மணி நேரத்தையும் கெடுத்ததில் என் வார்த்தைக்கும் பங்கு இருக்கிறது. அதைச் சொல்லாமல் உங்களுக்கு அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

என் முறை வந்தது

அதே வருசம் ஐப்பசி. எங்கள் தோட்டம் கோபிக்குப் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். காலை ஆறேகால் மணி. கிச்சிலிச் சம்பாவுக்கு விடுவதற்காக ஜீவாமிர்தம் கலக்கிக்கொண்டிருந்தேன். இருநூறு லிட்டர் டிரம். கலக்கும்போது நடுநெஞ்சில் நெல்லு மூட்டை இறக்கி வைத்த மாதிரி ஒரு பாரம். குத்தல் இல்லை, சுருக்கென்ற வலியும் இல்லை. பாரம் மட்டும்தான். கொஞ்ச நேரத்தில் இடது தாடை மரத்தது. குளிர்ந்த காற்று அடித்த நேரத்தில் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

கட்டுத்தறிப் பக்கம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தேன். வீட்டம்மா வந்து கேட்டபோது நான் சொன்னது: "ஒண்ணுமில்ல, வாயு."

மாடு கறந்தாகிவிட்டதா, பால்காரர் வந்தாரா என்று அவரிடம் விசாரித்துக்கொண்டே முக்கால் மணி நேரம் அப்படியே இருந்தேன். எழுந்து நடந்தால் சரியாகும் என்று வாய்க்கால் மேடு வரைக்கும் ஒரு நடை போய் வந்தேன். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று பிற்பாடு டாக்டர் சொல்லித்தான் தெரியும். திரும்பி வந்து, "சீரகத் தண்ணி வை" என்றேன்.

அப்போதுதான் வீட்டம்மா என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங்க, அண்ணனுக்கும் இதையேதானுங்க சொன்னீங்க?"

அதற்குமேல் நான் வாய் திறக்கவில்லை. அவரே 108-க்குப் போன் போட்டார். பக்கத்து அரசு மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். எடுத்த கையோடு மாத்திரைகளைக் கொடுத்து, ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியைப் போட்டு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள்.

இன்றைக்கு நடமாடுகிறேன். ஆனால் முழு ஆளாக இல்லை. எக்கோ பார்த்ததில் இதயம் பம்ப் செய்யும் திறன் 45 விழுக்காடு என்று வந்தது. சாதாரணமாக 55-க்கு மேல் இருக்க வேண்டுமாம். ஐந்து எச்.பி. மோட்டார் நாலு எச்.பி.யாகக் குறைந்த மாதிரி. கட்டிலில் உட்கார்ந்து வீணாக்கிய அந்த முக்கால் மணி நேரத்துக்கு நான் கட்டிய வட்டி அது. இந்த வட்டியைத் தள்ளுபடி செய்ய எந்த அரசாலும் முடியாது.

இதயத்துக்குள் என்ன நடக்கிறது

சொட்டுநீர் போட்டவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். ஜீவாமிர்தத்தைச் சரியாக வடிகட்டாமல் விட்டால் என்ன ஆகும்? சொட்டுவான் அடைத்துக்கொள்ளும். அந்தக் குழாயில் இருக்கிற செடி மட்டும் வாடும், பக்கத்து வரிசை பச்சையாகவே நிற்கும். இதயத்துக்கும் அப்படித்தான். உடம்பு முழுவதற்கும் ரத்தம் இறைக்கிற இதயத்துக்கே ரத்தம் கொடுக்கத் தனியாகக் குழாய்கள் இருக்கின்றன. அதில் ஒன்று அடைத்தால் அது பாய்கிற சதை பட்டினி கிடந்து சாக ஆரம்பிக்கும்.

ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. பலரும் நினைப்பதுபோல் அடைப்பு என்பது உப்புத் தண்ணிக் குழாயில் படிவு ஏறுவது மாதிரி மெதுவாக ஏறி ஒரு நாள் மூடிக்கொள்வது மட்டும் இல்லை. ரத்தக்குழாயின் சுவருக்குள் கொழுப்புத் திட்டு வளர்கிறது. குழாயில் பாதிகூட அடைக்காத சின்னத் திட்டாகவும் அது இருக்கலாம். ஒரு நாள் அதன் மேல்தோல் கிழிகிறது. கிழிந்த இடத்தில், கையில் வெட்டுப்பட்டால் ரத்தம் உறைவதுபோல, கட்டி உறைந்து சில நிமிடங்களில் குழாயை மூடிவிடுகிறது. அதனால்தான் நேற்றுவரை வரப்பு வெட்டியவர் இன்றைக்குச் சாய்கிறார். "நல்லாத்தானே இருந்தாரு, எப்படி?" என்று துக்க வீட்டில் கேட்கிறோமே, அந்தக் கேள்விக்குப் பதில் இதுதான்.

சதை ஒரேயடியாகச் சாவதில்லை. அடைத்த இருபது, முப்பது நிமிடத்தில் ஆரம்பித்து மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவும். செத்த சதை திரும்ப முளைக்காது. மருத்துவமனை வாசலை மிதித்த அரை மணி நேரத்துக்குள் கரைக்கும் ஊசி, அல்லது ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி, இதுதான் மருத்துவர்கள் வைத்திருக்கிற இலக்கு. வங்கியில் கடன் தவணை தவறினால், வாராக்கடன் என்று முத்திரை குத்த 90 நாள் அவகாசம் உண்டு. குறுகிய காலப் பயிர்க் கடனுக்கு இரண்டு பருவம். இதயத்தில் கணக்கு 90 நிமிடம்தான்.

எதை வலி என்று சொல்வது?

சினிமாவில் காட்டுகிற மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுவது எல்லோருக்கும் நடக்காது. நடுநெஞ்சில் பாரம், இறுக்கம், அடைப்பு, எரிச்சல். தோள், இடது கை, சிலருக்கு இரண்டு கையும், தாடை, கழுத்து, முதுகு, மேல்வயிறு, இப்படி எங்கே வேண்டுமானாலும் பரவலாம். காரணமில்லாத வியர்வை, மூச்சு வாங்கல், குமட்டல், கிறுகிறுப்பு சேர்ந்து வரலாம். மேல்வயிற்றில் எரிச்சலும் ஏப்பமும் வருவதால்தான் 'வாயு' என்ற பெயர் அவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொள்கிறது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் வலியே இல்லாமல் போகலாம். மூச்சு வாங்கும், அசதியாக இருக்கும், அவ்வளவுதான். பெண்களுக்கும் இப்படி நேர்வது அதிகம். நம் வீட்டுப் பெண்கள் களை எடுத்துவிட்டு வந்து "முதுகு இழுக்குது, ஓங்கரிக்குது" என்றால் நாம் தைலம் தேய்த்துவிட்டு அடுத்த வேலையைச் சொல்கிறோம். அவர்களும் அடுப்பைப் பற்ற வைக்கப் போய்விடுகிறார்கள். ஆம்பளைக்கு வலித்தாலாவது ஊரே கூடுகிறது.

இன்னொன்று. மேடு ஏறும்போது, மூட்டை தூக்கும்போது நெஞ்சு பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் அதுவும் எச்சரிக்கைதான். வங்கியில் கணக்கு கெடுவதற்கு முன்பே, முதல் தவணை தாமதமாகும்போதே குறித்து வைப்போம். அந்தக் கட்டத்தில் போய்ப் பார்ப்பவருக்குச் செலவும் குறைவு, ஆபத்தும் குறைவு. ஓய்வில் இருக்கும்போதே பிடித்தாலோ, முன்பைவிட அடிக்கடி வந்தாலோ அன்றைக்கே போக வேண்டும்.

நம் ஆட்கள் ஏன் தாமதிக்கிறோம்?

இங்கேதான் நான் நம் இயக்கத்தோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. வெளியாளாக இல்லை, உள்ளிருந்தே போடுகிறேன்.

நமக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. நஞ்சில்லாமல் விளைவித்து, பாரம்பரிய அரிசி சாப்பிட்டு, செக்கு எண்ணெயில் சமைத்து, காட்டில் உழைப்பவனுக்கு மாரடைப்பு வராது என்று. நானும் நம்பினேன். எவ்வளவு நம்பினேன் என்றால், வங்கியில் இருந்தபோது டாக்டர் எழுதிக்கொடுத்த பிரஷர் மாத்திரையை, விவசாயத்துக்கு வந்த இரண்டாம் வருசம் நானே நிறுத்திவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. மூன்று வருசம் பிரஷர் பார்க்கவே இல்லை. உடம்பு லேசாக இருந்தது, அதனால் குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பிரஷர் ஏறினால் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது என்பது ஐ.சி.யூ.வில் படுத்தபிறகு தெரிந்தது.

நல்ல உணவும் உழைப்பும் இதயத்துக்கு நல்லதுதான். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் 'நல்லது' என்பது வேறு, 'வராது' என்பது வேறு. 2004-இல் வெளிவந்த இன்டர்ஹார்ட் என்ற ஆய்வு, கேரளத்தில் பிறந்த சலீம் யூசுப் என்ற மருத்துவர் தலைமையில் 52 நாடுகளில் நடந்தது. மாரடைப்புக்கான காரணங்களில் பெரும்பகுதியை ஒன்பது விஷயங்களில் அடக்கலாம் என்று அது காட்டியது. புகை, கெட்ட கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மனஅழுத்தம், காய்கனி குறைவது, உடலுழைப்பு குறைவது, மது. இதில் உழைப்பும் காய்கனியும் நம்மிடம் இருக்கிறது, சரி. மற்ற ஏழு? மழை பொய்த்து, விலை விழுந்து, மகளுக்குக் கல்யாணம் பேசி, கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் திருப்ப நாள் நெருங்குகிற விவசாயிக்கு மனஅழுத்தம் இல்லை என்று யார் சொல்வது? அதே ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு வருசம் முன்னதாகவே வருகிறது என்றும் தெரிந்தது.

அப்புறம் நம் சமையலறை. செக்கு எண்ணெய் நல்ல எண்ணெய்தான், ஆனால் அதுவும் எண்ணெய்தான். நூறு கிராமுக்கு 900 கலோரி. நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் ரத்தத்தில் ஏறும்போது சர்க்கரைதான். இந்துப்பும் உப்புதான். ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் உப்புக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம், கருவாடு எல்லாம் சேர்த்தால் எங்கே போகும் என்று நீங்களே பாருங்கள். மாப்பிள்ளைச் சம்பா சோறு என்பதற்காக மூன்று தட்டுச் சாப்பிட்டால் அதுவும் மூன்று தட்டுச் சோறுதான்.

"எங்க தாத்தா ஆஸ்பத்திரி வாசலே மிதிக்காம 92 வயசு இருந்தாரு" என்று நம் கூட்டங்களில் ஒருவராவது சொல்வார். எங்கள் தாத்தாவும் அப்படித்தான். ஆனால் அவர் தம்பி 47 வயதில் ஏர் ஓட்டும்போது விழுந்து செத்தார். ஊரில் 'காத்துக் கருப்பு அடிச்சிருச்சு' என்றார்கள். ஒழுங்காகக் கட்டிய கணக்குகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு எங்கள் கிளையில் வாராக்கடனே இல்லை என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினால் தணிக்கை ஆள் விடுவாரா? 92 வயது தாத்தாவை மட்டும் எண்ணி, 47 வயதுத் தம்பியை விட்டுவிடுவதும் அதே கணக்குத்தான்.

மருந்துக் கம்பெனி மேல் கோபம்

"நம்மளை ஏமாத்துறதுக்குத்தான் இத்தனை டெஸ்ட்டு, இத்தனை ஸ்டென்ட்டு" என்று சொல்கிற தோழர்கள் உண்டு. உரக் கம்பெனியிடமும் விதைக் கம்பெனியிடமும் பட்டவர்கள் நாம். சந்தேகப்படுவது நியாயம்தான். ஸ்டென்ட் விஷயத்தில் கொள்ளை நடந்ததும் உண்மை. அதனால்தான் 2017 பிப்ரவரியில் மத்திய அரசு விலைக்கு உச்சவரம்பு வைத்தது. சாதாரண ஸ்டென்ட் 7,260 ரூபாய், மருந்து தடவியது 29,600 ரூபாய். அதற்கு முன் லட்சத்துக்கு மேலும் வாங்கினார்கள். மெதுவாக வளர்ந்த, நிலையாக இருக்கிற அடைப்புக்குப் பல நேரம் மாத்திரையும் பழக்க மாற்றமுமே போதும் என்று மருத்துவ ஆய்வுகளே சொல்கின்றன. அந்த நேரத்தில் இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேளுங்கள். கேள்வி கேளுங்கள். பில்லைக் கேளுங்கள்.

ஆனால் வலி வந்த அந்த ராத்திரி வேறு. அது விவாதம் நடத்துகிற நேரம் இல்லை. வீடு தீப்பிடிக்கும்போது தீயணைப்புத் துறையின் ஊழலைப் பற்றிப் பேசுவோமா?

பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் அப்பா காலத்தில் மந்திரிக்கப் போனார்கள். இன்றைக்கு இயற்கை விவசாயி ஒருவரைக் கண்ணாடிவிரியன் கடித்தால் வேப்பிலை அடிக்கிறோமா? மடியில் போட்டுக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுகிறோம். விஷமுறிவு ஊசி போட்டதால் நம் கொள்கை கெட்டுவிட்டதாக யாரும் சொன்னதில்லை. மாரடைப்பும் அப்படி ஒரு கடிதான். கடித்தது கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு செய்தி. கொழுப்பைக் குறைக்கிற ஸ்டேட்டின் மாத்திரைகளுக்கு வழிகாட்டியவர் அகிரா எண்டோ. ஜப்பானில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கியோத்தோ நகரத் தானியக் கடையில் எடுத்த அரிசியில் வளர்ந்த பூஞ்சணத்திலிருந்துதான் 1970-களில் முதல் ஸ்டேட்டினைப் பிரித்தெடுத்தார். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஸ்ட்ரெப்டோகைனேஸ் பாக்டீரியாவிலிருந்து கிடைப்பது. டிரைக்கோடெர்மாவையும் சூடோமோனாஸையும் கும்பிட்டு வயலில் விடுகிற நாம், இந்த நுண்ணுயிர்களை மட்டும் பகையாகப் பார்க்க வேண்டியதில்லை.

வாட்ஸ்அப் வைத்தியத்தையும் சொல்லியாக வேண்டும். இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, ஆப்பிள் சிடர் வினிகர், தேன் சேர்த்துக் காய்ச்சிக் குடித்தால் அடைப்பு கரையும் என்று ஒன்று வருசக்கணக்காகச் சுற்றுகிறது. நானே நம் குழுவில் அனுப்பியிருக்கிறேன். பூண்டைச் சமையலில் சேருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உறைந்து நிற்கிற கட்டியை அந்த ஒரு மணி நேரத்தில் அது கரைக்காது. மருதம்பட்டைக் கஷாயமும் கரைக்காது. பலமாக இருமினால் மாரடைப்பு நிற்கும் என்பதும் பொய். அனுப்பியவர்களில் நானும் ஒருவன் என்பதால், அனுப்பியதை அழித்துவிட்டு எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

வலி வந்தால்

நடக்க வேண்டாம். உட்காருங்கள் அல்லது சாய்ந்து படுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். தானே வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டாம், பைக்கின் பின்னால் உட்கார்ந்து போவதும் ஆபத்து. வண்டி வரத் தாமதமாகும் என்றால் பக்கத்துத் தோட்டத்துக் காரில் படுக்கவைத்துப் போகலாம். ஈ.சி.ஜி. எடுக்க வசதி இருக்கிற இடத்துக்கு நேராகப் போங்கள். முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தும் வலி தொடர்ந்தால் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள், ரத்தத்தில் டிரோபோனின் பார்ப்பார்களா என்றும் கேளுங்கள். ஊசி போட்டு 'கேஸ்தான்' என்று அனுப்பினாலும், வலி விடவில்லை என்றால் வீட்டுக்குப் போக வேண்டாம்.

2023-இல் தமிழக அரசு 'இதயம் காப்போம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. மாரடைப்பு அறிகுறியோடு வருகிறவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டேட்டின் மாத்திரைகளின் முதல் டோஸை ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலுமே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதுதான் திட்டம். வீட்டிலேயே நாமாக விழுங்க வேண்டாம். வயிற்றுப்புண், ரத்தக்கசிவு, பக்கவாதம் உள்ளவர்களுக்கு ஆஸ்பிரின் ஆபத்தாகலாம். பக்கத்து வீட்டுக்காரரின் நாக்கடி மாத்திரையையும் வாங்கிப் போட வேண்டாம். ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும்.

பணத்துக்குப் பயந்து தயங்காதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. அட்டை இல்லாதவர்கள் இன்றைக்கே எடுத்து வையுங்கள். 2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆட்கள் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை தருகிறார்கள். தோட்டத்துச் சாளையில் இருப்பதால் நம் வீட்டுக்கு வரவில்லை என்றால், துணை சுகாதார நிலையத்தில் போய்ப் பெயர் கொடுங்கள்.

ஆள் பேச்சு மூச்சில்லாமல் விழுந்துவிட்டால் 108-க்குச் சொல்லிவிட்டு, நடுநெஞ்சில் இரண்டு கையையும் வைத்து இரண்டு அங்குல ஆழத்துக்கு அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. வண்டி வரும்வரை நிறுத்தக் கூடாது, ஆள் மாற்றி ஆள் அழுத்த வேண்டும்.

நம் இயக்கம் செய்ய வேண்டியது

நம் மாதக் கூட்டத்தில் மண்புழு உரம் பேசுகிறோம், சந்தை பேசுகிறோம். ஒரு குழுவுக்கு ஒரு பிரஷர் கருவி வாங்குவோம். கூட்டம் தொடங்குமுன் எல்லோருக்கும் பார்த்து நோட்டில் எழுதுவோம். 140/90-ஐத் தாண்டியவர் அடுத்த கூட்டத்துக்குள் டாக்டரைப் பார்த்துவிட்டு வர வேண்டும். மாத்திரை சாப்பிடுகிறவர் நிறுத்துவதாக இருந்தால் எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். குழுவில் யார் சொன்னாலும் நிறுத்தக் கூடாது. விதைத் திருவிழாவில் நூறு கடை போடுகிறோம், நெஞ்சு அழுத்தும் பயிற்சிக்கு ஒரு பந்தல் போட முடியாதா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் ஆள் அனுப்புவார்கள்.

முக்கியமாக, நம் தோட்டங்களுக்குக் கதவு எண் கிடையாது. ராத்திரியில் 108 வண்டி எந்த மண்ரோட்டில் திரும்புவது என்று தெரியாமல் தடுமாறும். உங்கள் தோட்டத்துக்கு வழி சொல்வது எப்படி என்று ஒரு அட்டையில் எழுதி மோட்டார் ரூமில் ஒட்டுங்கள். எந்த ஊர், எந்தக் கோயில், எந்த டிரான்ஸ்ஃபார்மர், எத்தனையாவது திருப்பம் என்று எழுதினால் போதும். பதறுகிற நேரத்தில் வீட்டம்மாவோ பேரனோ அதைப் படித்தாலே போதும். டார்ச் லைட்டோடு ஒருவர் ரோட்டு முக்குக்குப் போய் நிற்கட்டும். நாயைக் கட்டி வையுங்கள்.

கடைசியாக ஒன்று. இனி நம்மில் யாராவது ராத்திரியில் போன் செய்து "நெஞ்சு ஒரு மாதிரி இருக்குது" என்றால், நாம் வைத்தியம் சொல்லக் கூடாது. "எப்போதிருந்து?" என்று ஒரு கேள்வி, "போனை வைங்க, 108-ஐக் கூப்பிடுங்க, நான் கிளம்பி வர்றேன்" என்று ஒரு பதில். அவ்வளவுதான். நிஜமாகவே வாயுவாக இருந்துவிட்டால் ஒரு ராத்திரித் தூக்கம் போகும். மறுநாள் காலையில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்துக்கொள்ளலாம்.

போன வருசம் மஞ்சள் நடவுக்கு முன்னால் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணியிடம் அந்த ராத்திரி போனில் நான் சொன்னதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் உள்ளே போய் ஒரு பை நிறைய விதை மஞ்சள் எடுத்து வந்து கொடுத்தார். "அவரு காட்டு மஞ்சள், விட்டுராம வச்சுக்கங்க" என்றார். "உங்க மாத்திரையையும் விட்டுராதீங்க."

விடவில்லை. காலையில் மாத்திரை போட்டுவிட்டுத்தான் காட்டுக்குப் போகிறேன். ஜீவாமிர்தத்தைச் சின்ன டிரம்மில் கலக்குகிறேன். போனில் அந்த ஆறு நிமிட அழைப்பை இன்னும் அழிக்கவில்லை.